சுற்றுலா மேலாண்மையில் முதுகலை: விண்ணப்பம் முதல் ஆய்வேடு வரை

வெளியூரிலிருந்து வரும் ஒருவர் கும்பகோணத்தில் இரண்டு நாள் தங்கி 10,000 ரூபாய் செலவழிக்கிறார். அதில் எவ்வளவு கும்பகோணத்திலேயே தங்கும்? அறையை முன்பதிவு செய்த இணையதளத்துக்கு எவ்வளவு, வேறு நகரத்தில் இருக்கும் ஹோட்டல் முதலாளிக்கு எவ்வளவு, வழிகாட்டிக்கும் காபிக் கடைக்காரருக்கும் எவ்வளவு? இந்தக் கேள்வியைக் கேட்டதும் கணக்குப் போட்டுப் பார்க்கத் தோன்றினால், சுற்றுலா மேலாண்மை உங்களுக்குப் பிடிக்கும். பயணம் போகப் பிடிக்கும் என்பது மட்டும் காரணமானால் சம்பாதித்துப் பயணம் போவதே நல்லது. இரண்டு ஆண்டுகளில் பெரும்பகுதி மற்றவர்களுடைய பயணத்துக்குக் கணக்கும் ஏற்பாடும் செய்யக் கற்பதிலேயே கழியும்.

எந்த இளங்கலைப் பட்டம் பெற்றவரும் இதில் சேரலாம். வரலாறு, ஆங்கிலம், வணிகவியல், பொறியியல் என எல்லாத் துறையினரும் வருகிறார்கள். அப்படிப் புதிதாக வருபவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

படி 1: பட்டத்தின் பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

ஒரே துறைக்கு மூன்று விதமான பட்டங்கள் உண்டு. எம்.பி.ஏ. என்றால் கணக்கியல், சந்தைப்படுத்தல், மனிதவளம் ஆகியவற்றோடு சுற்றுலாப் பாடங்களும் இருக்கும். எம்.ஏ. என்றால் வரலாறு, பண்பாடு, மரபுச் சின்னங்கள் பக்கம் சாய்வு அதிகம். எம்.டி.டி.எம். என்பது சுற்றுலா மற்றும் பயண மேலாண்மைக்கென்றே உள்ள முதுகலை. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோ அதைத் தொலைநிலையில் நடத்துகிறது.

நிறுவன வேலைதான் குறி என்றால் எம்.பி.ஏ. எடுங்கள். ஏற்கெனவே ட்ராவல் ஏஜென்சியிலோ ஹோட்டலிலோ வேலை பார்ப்பவர்கள் வேலையை விடாமல் இக்னோவில் படிக்கலாம். வேலையில் பார்ப்பதையே பாடத்தோடு பொருத்திப் பார்க்கும் வாய்ப்பு அவர்களுக்கு உண்டு. இக்னோ அல்லாத வேறு எந்தத் தொலைநிலைப் படிப்பானாலும், அந்த ஆண்டுக்கு அதற்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் அனுமதி இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

படி 2: கல்லூரியும் நுழைவுத் தேர்வும்

நான் முதலில் பார்க்கச் சொல்லும் இடங்கள் மூன்று. 1983-இல் தொடங்கப்பட்ட இந்தியச் சுற்றுலா மற்றும் பயண மேலாண்மை நிறுவனம் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது. தலைமையிடம் குவாலியர். புவனேஸ்வர், நொய்டா, நெல்லூர், கோவா ஆகிய இடங்களிலும் வளாகங்கள் உள்ளன. சென்னை மாணவர்களுக்கு நெல்லூர் ரயிலில் சில மணி நேரத் தொலைவுதான். அடுத்தது, திருவனந்தபுரம் தைக்காட்டில் கேரள அரசு 1988-இல் தொடங்கிய கிட்ஸ் என்ற சுற்றுலாக் கல்வி நிறுவனம். மூன்றாவது, காலாப்பட்டில் உள்ள புதுவைப் பல்கலைக்கழகத்தின் சுற்றுலாத் துறை.

புதுவைக்கு, பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வான கியூட்டின் முதுநிலைத் தேர்வு. மற்ற இரண்டுக்கும் கேட், மேட், சிமேட் போன்ற மேலாண்மை நுழைவுத் தேர்வுகளின் மதிப்பெண் உதவும்; அதன்மேல் குழு உரையாடலும் நேர்காணலும் இருக்கும். கேட் நவம்பரில் நடக்கும். மேட் ஆண்டுக்குப் பல முறை. கியூட் விண்ணப்பம் குளிர்காலத்திலேயே திறந்து மூடிவிடும். இளங்கலை இறுதித் தேர்வு முடியட்டும் என்று காத்திருப்பவர்கள் ஓர் ஆண்டை இழக்கிறார்கள். இறுதியாண்டு தொடங்கும்போதே விண்ணப்ப வேலையைத் தொடங்குங்கள். தகுதி மதிப்பெண், கட்டணம், இட ஒதுக்கீடு ஆகியவற்றை அந்தந்த ஆண்டின் கையேட்டில் மட்டும் பாருங்கள்.

படி 3: நேர்காணலுக்கு ஓர் ஊரோடு போங்கள்

"ஏன் சுற்றுலா?" என்று கேட்பார்கள். "பயணம் எனக்குப் பிடிக்கும்" என்ற பதிலைத் தேர்வாளர்கள் காலையிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்திருப்பார்கள். அதற்குப் பதிலாக, உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஓர் ஊரை எடுத்துக்கொண்டு, அங்கே யார் வருகிறார்கள், எந்த மாதத்தில் வருகிறார்கள், வரும் பணம் யார் கைக்குப் போகிறது என்று சொல்லுங்கள்.

தனுஷ்கோடியையே எடுத்துக்கொள்ளலாம். 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊர் அது. நெடுங்காலம் அங்கே போக வேண்டுமானால், மணலில் ஓடும் வேன்களில்தான் போக முடியும். அந்த ஓட்டம் உள்ளூர்க்காரர்களுக்கு வருமானம். 2017-இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறக்கப்பட்டது. சொந்தக் காரில் வருபவர்கள் நேராக முனைக்கே போய்த் திரும்ப முடிந்தது. கூட்டம் பெருகியது, ஆனால் வேன் கட்டணம் என்ற வரவுக்கு அங்கே இடமில்லாமல் போயிற்று. சாலை வந்தது நல்லதா என்று தேர்வாளர் திருப்பிக் கேட்பார். இரண்டு பக்கத்தையும் சொல்லி, உங்கள் தீர்ப்பையும் தயங்காமல் சொல்லுங்கள்.

படி 4: முதல் பருவத்தின் கோட்பாடுகளை மனப்பாடம் செய்யாதீர்கள்

பட்லர் என்ற புவியியலாளர் 1980-இல் முன்வைத்த சுற்றுலாத் தலத்தின் வாழ்க்கைச் சுழற்சி எல்லாப் பாடத்திட்டத்திலும் இருக்கும். முதலில் ஒரு சிலர் தேடி வருவார்கள். பிறகு உள்ளூர்க்காரர்கள் வசதி செய்து கொடுப்பார்கள். அதன்பின் வெளி முதலீடு வரும். வளர்ச்சி நிலைபெற்றுத் தேங்கும். கடைசியில் சரியும் அல்லது புத்துயிர் பெறும். மேலே சொன்ன தனுஷ்கோடிக் கதையில் முதல் மூன்று கட்டங்களையும் நீங்களே அடையாளம் காணலாம். டாக்ஸி (Doxey) என்ற ஆய்வாளர் 1975-இல் சொன்ன எரிச்சல் அளவுகோல் உள்ளூர் மக்களின் மனநிலையைப் பேசுகிறது: மகிழ்ச்சி, அலட்சியம், எரிச்சல், பகை. மே மாத ஊட்டியில் மருத்துவமனைக்குப் போக முடியாமல் போக்குவரத்தில் நிற்பவர் இதில் எந்தப் படியில் இருப்பார் என்று யோசியுங்கள்.

கசிவு என்றொரு கருத்தும் வரும். பயணி செலவழித்த பணம் ஊரில் தங்காமல் வெளியே போவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அதை அடைக்கும் முயற்சியைக் குமரகத்தில் பார்க்கலாம். கேரளம் பொறுப்புச் சுற்றுலாவை 2008 வாக்கில் அங்கே செயல்படுத்தியபோது, ரிசார்ட்டுகள் தங்களுக்கு வேண்டிய காய்கறியைக் குடும்பஸ்ரீ என்ற மகளிர் சுய உதவித் திட்டத்தின் பெண்களிடமும் உள்ளூர் விவசாயிகளிடமும் வாங்க ஏற்பாடு செய்தார்கள். வாய்ப்புக் கிடைத்தால் நேரில் போய்ப் பாருங்கள். பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியில் முடிந்துவிடும் விஷயம் அங்கே விலை, தரம், நேரத்துக்குச் சரக்கு என்று எத்தனை பேச்சுவார்த்தைகளாக விரிகிறது என்பது தெரியும்.

படி 5: ஒரு பயணத்துக்கு விலை போடக் கற்றுக்கொள்ளுங்கள்

இந்தப் படிப்பில் மிகவும் கவனம் வேண்டிய இடம் இதுதான் என்பது என் உறுதியான கருத்து. முதல் மாதத்திலேயே பழகத் தொடங்குங்கள். எடுத்துக்காட்டாக, திருச்சியிலிருந்து தஞ்சாவூர், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் என்று இரண்டு இரவு, மூன்று பகல். மூன்றும் உலக மரபுச் சின்னங்கள்: தஞ்சைப் பெரிய கோயில் 1987-இல் பட்டியலில் சேர்ந்தது, மற்ற இரண்டும் 2004-இல்.

முதலில் நேரத்தைப் போடுங்கள். நம் கோயில்கள் பல நண்பகலில் நடை சாத்தி மாலை 4 மணியளவில்தான் திறக்கும். திறந்தே இருந்தாலும், மே மாத நண்பகலில் கல்தளத்தில் வெறுங்காலோடு நடக்க முடியாது. ஆகவே காலையும் மாலையும் கோயிலுக்கு. நடுப்பகல் சாப்பாட்டுக்கும் பஸ் பயணத்துக்கும், அருங்காட்சியகத்துக்கும்.

அடுத்து செலவு. எத்தனை பேர் வந்தாலும் மாறாத செலவை ஒரு பக்கம் எழுதுங்கள். பழகுவதற்காக நானே வைத்துக்கொண்ட எண்கள் இவை: பஸ் வாடகை 30,000, வழிகாட்டிக்கு 6,000, உடன் வரும் டூர் மேனேஜரின் அறைக்கும் உணவுக்கும் 4,000. மொத்தம் 40,000 ரூபாய். ஆளுக்கு ஆகும் செலவை, அதாவது இருவர் பகிரும் அறையில் ஒருவர் பங்கு, உணவு, நுழைவுக் கட்டணம் எல்லாவற்றையும் சேர்த்து, 5,000 என்று வைத்துக்கொள்வோம்.

20 பேர் வருவார்கள் என்று எண்ணினால், 40,000-ஐ 20-ஆல் வகுக்க 2,000. அதோடு 5,000 சேர்த்தால் அடக்கவிலை 7,000. அதன்மேல் 15 விழுக்காடு வைத்தால் விற்பனை விலை 8,050 ரூபாய்.

விளம்பரம் கொடுத்தாயிற்று, 13 பேர்தான் பதிவு செய்திருக்கிறார்கள். வரவு 1,04,650, செலவு 1,05,000. 350 ரூபாய் நட்டம். பதினான்காவது ஆள் வந்துவிட்டால் வரவு 1,12,700, செலவு 1,10,000, 2,700 மிச்சம். குழுப் பயண விளம்பரங்களில் "குறைந்தபட்சம் இத்தனை பேர் சேர்ந்தால் மட்டுமே" என்று சிறிய எழுத்தில் போடுவது இந்தக் கணக்கினால்தான். தனி அறை கேட்பவரிடம் கூடுதல் தொகை வாங்குவதும் அப்படியே: அறையைப் பகிர ஆள் இல்லாததால் முழு வாடகையும் அவர் ஒருவர் மேல் விழுகிறது. எண்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். சிறிய பஸ் எடுத்தால் என்ன? வழிகாட்டியின் ஊதியத்தைக் குறைத்தால் என்ன? இரண்டாவதைச் செய்யாதீர்கள் என்பேன். பயணத்தின் தரம் அவர் வாயில்தான் இருக்கிறது. தவிர, ஊரிலேயே தங்கும் பணமும் அதுதான்.

விமான டிக்கெட் மென்பொருள்களான அமேடியஸ், கலிலியோ இரண்டில் ஒன்றையும் இதே காலத்தில் பழகுங்கள். ஒன்று தெரிந்தால் மற்றது விரைவில் வந்துவிடும்.

படி 6: களப்பயிற்சிக்குப் பருவம் பார்த்துப் போங்கள்

வெளிநாட்டுப் பயணிகளைக் கையாளும் நிறுவனங்களுக்கு அக்டோபர் முதல் மார்ச் வரை வேலை நெருக்கும். உள்நாட்டுக் குடும்பங்களை அழைத்துச் செல்பவர்களுக்குப் பள்ளி விடுமுறையான ஏப்ரல், மே. வேலை நெருக்கும் மாதத்தில் போனால்தான் பேருந்து பழுதானது, விமானம் ரத்தானது, பயணிக்கு உடம்பு சரியில்லை என்று எல்லாவற்றையும் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பார்க்க முடியும். ஆள் அரவமற்ற மாதத்தில் போனால் கோப்புகளைத்தான் அடுக்க வேண்டியிருக்கும்.

படி 7: ஆய்வேட்டுக்குச் சிறிய கேள்வியை எடுங்கள்

"தமிழ்நாட்டில் சுற்றுலா வளர்ச்சி" என்று தலைப்பு வைத்தால் எங்கே தொடங்குவதென்றே தெரியாது. ஒரு நல்ல களம் நம் கண்முன்னே இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமாயிற்று. மறு ஆண்டுக் கோடையில் ஒரு நாளைக்கு இத்தனை வாகனங்கள் என்று உச்சவரம்பும் வந்தது: நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000. பாடத்தில் படிக்கும் தாங்குதிறன், அதாவது ஓர் ஊர் எவ்வளவு கூட்டத்தைத் தாங்கும் என்பது, இங்கே எண்ணாகவே நிற்கிறது.

இதை ஓர் இடமாகவும் ஒரு குழுவாகவும் சுருக்குங்கள். "இ-பாஸ் வந்தபின் குன்னூரில் சிறு தங்கும் விடுதி நடத்துபவர்களின் முன்பதிவு எப்படி மாறியது?" என்பது ஒரு மாணவர் செய்து முடிக்கக்கூடிய கேள்வி. முதலில் ஐந்தாறு பேரிடம் பேசிப் பார்த்து, புரியாத வினாக்களைத் திருத்திவிட்டு, பிறகு வினாத்தாளை அச்சிடுங்கள். வருமானத்தை நேரடியாகக் கேட்டால் உண்மையான பதில் வராது. நிரம்பிய அறைகளின் எண்ணிக்கையைக் கேளுங்கள்; அதைச் சொல்வார்கள். விடுதிக்காரரிடம் மட்டும் பேசாமல், தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் குடியிருப்புவாசியிடமும் பேசுங்கள்.

படி 8: படிப்பு முடியும்போது

நேர்முகத் தேர்வுக்கு உங்கள் விலைக் கணக்குத் தாள்களில் சிறந்த இரண்டையும், ஆய்வேட்டின் இரண்டு பக்கச் சுருக்கத்தையும் கொண்டு போங்கள். டூர் ஆபரேட்டர்கள், இணையவழி முன்பதிவு நிறுவனங்கள், விமான நிறுவனங்கள், மாநாடுகள் நடத்தித் தருபவர்கள், மாநிலச் சுற்றுலாக் கழகங்கள் எனப் பல கதவுகள் உண்டு. தொடக்கச் சம்பளம் பெரும்பாலும் சுமார்தான். கூடுதலாக ஒரு வெளிநாட்டு மொழி பேசத் தெரிந்தவர்கள் விரைவில் மேலே போகிறார்கள். பிரெஞ்சு, ஜெர்மன், ஜப்பானிய மொழி எதுவானாலும் முதல் பருவத்திலேயே தொடங்கிவிடுங்கள்.

கற்பிக்கும் விருப்பம் உள்ளவர்களுக்கு, கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் இத்துறைக்குத் தனிப்பாடமே இருக்கிறது. அதன் எண் 93. பாடத்திட்டத்தைப் பல்கலைக்கழக மானியக் குழுவின் தளத்திலிருந்து இறக்கி முதல் ஆண்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் நடத்தாமல் விட்ட பகுதிகள் எவை என்று அதைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.