தோற்றுப்போன கணக்கை எடுத்துப் பார்ப்பது எப்படி

தொழில் நொடித்தாலும் சரி, பரீட்சை போனாலும் சரி, நம் கொங்குப் பக்கம் இரண்டே தீர்ப்புதான். ஒன்று, "நேரஞ் சரியில்லீங்க". இன்னொன்று, "அவனுக்குச் சாமர்த்தியம் பத்தாது". முதலாவதில் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை, இரண்டாவது ஆளை எழவே விடாது. இந்த இரண்டையும் ஒதுக்கிவிட்டு நடந்ததை எப்படிப் பார்க்கலாம் என்று சொல்கிறேன்.

முதலில், அடிபட்ட வாரத்திலேயே உட்கார்ந்து ஆராயாதீர்கள். கடன் கொடுத்தவர் வாசலில் நிற்கும்போது எதை யோசித்தாலும் நம்மைத் திட்டிக்கொள்வதில்தான் போய் முடியும். சோறு இறங்கட்டும், தூக்கம் வரட்டும். பல நாளாகத் தூக்கமே இல்லை, உயிரோடு இருந்து என்ன என்று தோன்றுகிறது என்றால் ஆராய்ச்சியெல்லாம் அப்புறம், இப்போதே மனநல உதவி எண் 14416க்கோ அரசு மருத்துவ உதவி எண் 104க்கோ போன் போடுங்கள். கடனை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், நீங்கள் இருக்க வேண்டும்.

ஆனால் வருஷக்கணக்கில் தள்ளிப்போடவும் கூடாது, ஏனென்றால் முடிவு தெரிந்த பிறகு ஞாபகமே மாறிவிடும். 1975இல் பரூக் ஃபிஷ்ஹாஃப் என்ற உளவியலாளர் இதைச் சோதித்துக் காட்டினார். 1814இல் ஆங்கிலேயருக்கும் கூர்க்காக்களுக்கும் நடந்த சண்டையின் பின்னணியைப் படிக்கக் கொடுத்து, ஒரு குழுவிடம் ஆங்கிலேயர் ஜெயித்தார்கள் என்றும் இன்னொரு குழுவிடம் கூர்க்காக்கள் ஜெயித்தார்கள் என்றும் சொன்னார். எந்த முடிவைக் கேட்டார்களோ அதுதான் நடக்க அதிக வாய்ப்பிருந்தது என்று அவரவருக்குத் தோன்றியது. "எனக்கு அப்பவே தெரியும்" என்று மாமன் மச்சான் எல்லோரும் சொல்வதும் இதனால்தான், "எனக்கு ஏன் அப்பவே தெரியாமப் போச்சு" என்று நாம் நொந்துகொள்வதும் இதனால்தான்.

அதனால் ஞாபகத்தை நம்பாமல் காகிதத்தை எடுங்கள். திருப்பூரில் பவர்டேபிள், அதாவது கம்பெனிகளுக்குக் கூலிக்குத் துணி தைத்துக் கொடுக்கும் பட்டறை, நடத்தி மூடிய ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். ஏனுங்க மூடினீங்க என்றால் ஆள் கிடைக்கவில்லை என்பார். பழைய சலான் கட்டைப் பிரித்து ஒரு நோட்டில் நான்கு கட்டம் போடட்டும்: பீஸ் டெலிவரி போன தேதி, பில் போட்ட தேதி, பணம் கைக்கு வந்த தேதி, இடையில் வந்த சனிக்கிழமைகளில் கூலிப் பணத்தை எங்கிருந்து புரட்டினார் என்பது. கூலி வாராவாரம் போயாக வேண்டும், பில் பணமோ இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் வரும். அந்த நான்காவது கட்டத்தில் முதலில் 'கையிருப்பு', அப்புறம் 'நகை', அப்புறம் 'வட்டிக்கு' என்று வரிசையாக வரும்போது விஷயம் தானாகத் தெரிந்துவிடும். ஆள் ஓடியது காரணமே இல்லை, கூலி தள்ளிப்போனதால் ஓடினார்கள். அதற்கும் முந்திய காரணம், ஒரே கம்பெனி வேலையை நம்பி கடன் வாங்கி மெஷினைக் கூட்டியது. முதலில் வாயில் வரும் காரணத்தோடு நிற்காமல், அதற்கு முந்தியது எது, அதற்கும் முந்தியது எது என்று நம் கையால் மாற்றக்கூடிய இடம் வரும்வரை போக வேண்டும்.

அடுத்ததுதான் கஷ்டமான இடம். எடுத்த முடிவையும் வந்த விளைவையும் பிரிக்க வேண்டும். 2010இல் ஈரோட்டில் மஞ்சள் குவிண்டால் 15,000 ரூபாயைத் தாண்டியது, 2012இல் 4,000 பக்கம் வந்துவிட்டது. எப்போதும் போடும் ஒரு ஏக்கரில் மஞ்சள் போட்டு விலை விழுந்தவர் செய்தது தப்பே இல்லை, அவர் எதையும் மாற்றிக்கொள்ள வேண்டியதும் இல்லை. போன வருஷ விலையை மட்டும் பார்த்துக் குத்தகைக்குக் காடு பிடித்து, வட்டிக்கு வாங்கி நட்டவர் கதை வேறு. சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் மஞ்சளே நடுகிறார்கள் என்பது அவர் கண்ணெதிரே நடந்தது, அறுவடைக்கு ஒன்பது பத்து மாதம் ஆகும் என்பதும் தெரியும். அன்றைக்கு என்ன தெரியும், என்ன கேட்டிருந்தால் தெரிந்திருக்கும், என்ன செய்தாலும் தெரிந்திருக்காது என்று மூன்றாகப் பிரித்து எழுதுங்கள். பாடம் பெரும்பாலும் நடுவில் இருப்பதில்தான் கிடைக்கும்.

அந்தப் பாடத்தைச் சின்னதாக வைத்துக்கொள்ளுங்கள். பணம் கட்டினால் வளர்க்கக் குஞ்சும் மாதாமாதம் காசும் தருகிறோம் என்று ஆசை காட்டிய ஈமு கோழித் திட்டங்களில் 2012இல் பெருந்துறைப் பக்கம் பணத்தை விட்டவர்கள் பலர் "இனி யாரையும் நம்பக் கூடாது" என்று முடிவு கட்டினார்கள். அவர்கள் ஏமாற்றப்பட்டவர்கள், குற்றம் ஏமாற்றியவர்கள் மேல்தான். ஆனாலும் யாரையும் நம்பாமல் ஒருவர் எந்தத் தொழிலும் பண்ண முடியாது. "வளர்ந்த கோழியைக் கடைசியில் காசு கொடுத்து வாங்கித் தின்பது யார்?" என்று கேட்டுவிட்டுத்தான் பணம் போடுவேன் என்பது பயன்படுகிற பாடம், அடுத்த முறை வேறு எதைக் கொண்டுவந்து காட்டினாலும் இதே கேள்வியைக் கேட்கலாம்.

எழுதியதை ஒருவரிடமாவது காட்டுங்கள், அதே தொழிலில் இருக்கிறவராகப் பார்த்து. சொந்தத்தில் அடுத்த கல்யாணப் பந்தியில் இதைப் பேசுகிற ஆள் வேண்டாம். "ஏங் கண்ணு, அந்த அட்வான்ஸை எதுக்கு வாங்காம விட்டே?" என்று நேராகக் கேட்கிற ஒரு பெரியவர் போதும்.

பவர்டேபிள்காரர் தனக்குத் தானே போட்டுக்கொள்ளும் விதி இப்படி இருக்கலாம்: ஒரே கம்பெனிக்குப் பாதிக்கு மேல் வேலை செய்வதில்லை, ஆறு வாரக் கூலி கையில் இல்லாமல் மெஷின் கூட்டுவதில்லை. அதோடு சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவும் போட்டுக்கொள்ள வேண்டும். 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி குறு, சிறு தொழில் செய்பவருக்கு வர வேண்டிய பணத்தை, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுக்க முடியாது. இதைப் பில்லிலேயே ஒரு வரி அடித்துக் கொடுத்துவிடலாம், கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.