பழைய ட்ரை கிளீனிங் கடையா? தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடாதீர்கள்

அமெரிக்காவில் ஸ்ட்ரிப் மாலில், அதாவது சாலையோரம் வரிசையாக இருக்கும் கடைத்தொகுதியில், கடை தேடுகிறவர்களுக்கு, வருடக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் ட்ரை கிளீனிங் கடை ஒன்று பாதி விலைக்கு வந்தால் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள். விலை இறங்கியதற்குக் காரணம் பெரும்பாலும் தரைக்கு அடியில் இருக்கும். அது துணியை ட்ரை கிளீன் செய்யப் பயன்படுத்திய கரைப்பான் திரவம். பெயர் பெர்குளோரோஎத்திலீன், தொழிலில் இருப்பவர்களுக்கு வெறும் பெர்க்.

பெர்க் தண்ணீரைவிட 1.6 மடங்கு கனம், அதனால் பெட்ரோல் தண்ணீரில் மிதக்கும், இது மூழ்கும். கான்கிரீட் தளத்தில் விரிசல் இருந்தால்தான் இறங்கும் என்றில்லை, நாளாவட்டத்தில் கான்கிரீட்டுக்குள்ளேயே ஊறி, மண்ணில் இறங்கி, நிலத்தடி நீரையும் தாண்டிப் போய், களிமண் தடுக்கிற இடத்தில் தேங்கிக்கொண்டு, அங்கிருந்து பல வருடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். குடிநீரில் அமெரிக்க அரசு அனுமதிப்பது லிட்டருக்கு 5 மைக்ரோகிராம். கணக்குப் போட்டால் ஒரே ஒரு லிட்டர் பெர்க், 30 கோடி லிட்டர் தண்ணீரை அந்த வரம்புக்கு மேல் கொண்டுபோகப் போதும். நார்த் கரோலினாவின் கேம்ப் லெஜூன் ராணுவ முகாமில் ஒரு குடியிருப்பின் கிணறுகள் கெட்டது முகாமுக்கு வெளியே இருந்த ஒரு ட்ரை கிளீனிங் கடையால்தான்.

ஆகவே இன்னும் வாங்கவில்லை என்றால் முதல் வேலை துடைப்பம் எடுப்பது இல்லை, 'ஃபேஸ் ஒன்' ஆய்வு, அதாவது அந்த இடத்தின் பழைய வரலாற்றையும் மாசு இருக்க வாய்ப்பு உண்டா என்பதையும் விசாரிப்பது. அதைக் கிரயத்துக்கு முன்பே முடிக்க வேண்டும். மாசுபட்ட இடங்களைச் சுத்தம் செய்வதற்கான அமெரிக்கச் சட்டமான சூப்பர்ஃபண்ட் சட்டப்படி, கொட்டியது யாராக இருந்தாலும் இன்றைய உரிமையாளர் தலையிலும் பொறுப்பு விழும். தெரிந்தே வாங்குகிறவருக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு, வாங்குவதற்கு முன் ஒழுங்காக விசாரித்தவருக்குத்தான்.

சரி, கடை ஏற்கெனவே உங்கள் கையில். தனியாக உள்ளே போகாதீர்கள். இந்த ஆவி காற்றைவிடக் கனம், தாழ்வான இடத்தில் தங்கும். இனிப்பு கலந்த நெடி வரும், ஆனால் மூக்கு சீக்கிரம் பழகிவிடும் என்பதால் அதை நம்ப முடியாது. தூசிக்குப் போடும் என்95 முகக்கவசம் இதற்கு ஒன்றுக்கும் உதவாது. மெல்லிய நைட்ரைல் கையுறையை பெர்க் சீக்கிரமே ஊடுருவிவிடும். ஆவியை அளக்கும் கருவியோடு பயிற்சி பெற்ற ஆள் முதலில் போகட்டும். பழைய இயந்திரத்தைக் கழற்ற கேஸ் கட்டர் வைத்தார்களோ, பெர்க் ஆவி சூட்டில் சிதைந்து பாஸ்ஜீன் வரும். முதல் உலகப் போரில் ஆளைக் கொன்ற அதே வாயு.

நீங்கள் செய்யக்கூடியது பார்ப்பதும் படம் எடுப்பதும். இயந்திரம் நின்ற இடத்தில் போல்ட் ஓட்டைகள், டிரம் வைத்த வட்டத் தடம், அங்கிருந்து தரை வடிகால் வரை ஓடும் கறை. பயன்படுத்திய பெர்க்கை வடித்தபின் மிஞ்சிய கரிய சேறு, பழைய ஃபில்டர்கள், பெர்க்கையும் தண்ணீரையும் பிரிக்கும் கருவியிலிருந்து வந்த தண்ணீர் இவையெல்லாம் எங்கே போயின என்பதுதான் கேள்வி. பின்கதவுக்கு வெளியே இருக்கிற மண்ணையும் விட்டுவிடாதீர்கள், பல கடைகளில் ஃபில்டரை அங்கேதான் வீசியிருப்பார்கள். எதையும் திறக்காதீர்கள், நகர்த்தாதீர்கள். தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவது மகா தப்பு, மேலே கிடந்ததை நீங்களே வடிகாலுக்குள் தள்ளிவிடுவீர்கள். அப்புறம் அந்தக் குழாயின் ஒவ்வொரு இணைப்பும் கசிகிற இடம்.

கசிவு இருந்தால் உரிமம் பெற்ற நிறுவனம் வந்து வெர்மிகுலைட் என்ற உறிஞ்சும் கனிமத்தைப் போட்டு உறிஞ்சி, மூடியுள்ள டிரம்மில் அடைத்து எடுத்துப்போகும். இது அபாயக் கழிவு, குப்பை வண்டியில் ஏற்றக் கூடாது. கழிவு எங்கே போனது என்று காட்டும் மேனிஃபெஸ்ட் என்ற ஆவணத்தின் நகலைப் பத்திரமாக வையுங்கள். 24 மணி நேரத்துக்குள் 100 பவுண்டு, அதாவது சுமார் 28 லிட்டர், வெளியே கொட்டிவிட்டது என்றால் உடனே இத்தகைய கசிவுத் தகவல்களைப் பெறும் அமெரிக்க அரசு மையமான நேஷனல் ரெஸ்பான்ஸ் சென்டருக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

தரைக்குக் கீழே இருப்பது நிபுணர் வேலை. தளத்தில் சிறு துளை போட்டு அடியில் மண்ணுக்குள் இருக்கும் காற்றைப் பிடித்துச் சோதிப்பார்கள், பக்கத்துக் கடையிலும் சேர்த்துச் செய்யச் சொல்லுங்கள், சுவருக்கு அந்தப்பக்கம் குழந்தைகள் காப்பகம் இருக்கலாம். ஆவி மேலே வந்தால், மண்ணிலிருந்து வரும் கதிரியக்க வாயுவான ரேடானுக்கு வைப்பதுபோல விசிறி வைத்து உறிஞ்சலாம், மண்ணிலிருந்தும் ஆவியை இழுக்கலாம். நிலத்தடி நீருக்கு, பெர்க்கைச் சிதைக்கும் பெர்மாங்கனேட் என்ற வேதிப்பொருளைச் செலுத்துவார்கள், அல்லது தாவர எண்ணெய் கொடுத்து பெர்க்கைச் சிதைக்கும் பாக்டீரியாவை வளர்ப்பார்கள். இரண்டாவது வழியில் ஒரு சிக்கல் உண்டு: சரியான பாக்டீரியா இல்லாவிட்டால் சிதைவு பாதியில், வினைல் குளோரைடு என்ற பொருளோடு நின்றுவிடும், அது பெர்க்கைவிட மோசம். எதுவானாலும் வருடக்கணக்கு.

பணத்துக்கு முதலில் உங்கள் மாநிலத்தில் ட்ரை கிளீனர்களுக்கென்று சுத்திகரிப்பு நிதி இருக்கிறதா என்று பாருங்கள். நார்த் கரோலினாவில் இருக்கிறது, ஃப்ளோரிடா 1998 இறுதியோடு புதிய விண்ணப்பங்களை நிறுத்திவிட்டது. கடைக்குள் பழைய காகிதக் கட்டு கிடந்தால் தூக்கிப் போடாமல் வழக்கறிஞரிடம் காட்டுங்கள். 1986க்கு முந்தைய பொறுப்புக் காப்பீட்டு பாலிசிகள் பலவற்றில் மாசு தொடர்பான செலவைத் தர மாட்டோம் என்ற முழு விலக்கு இருக்காது, பல இடங்களில் செலவில் பெரும்பகுதி அந்த மக்கிய பாலிசியிலிருந்துதான் வருகிறது.