லயன் வீட்டு வைஃபைக்குப் பூட்டு

அட்டன், பண்டாரவளைப் பக்கத்துத் தோட்ட லயன்களில் (வரிசை வீடுகளில்) வைஃபை அலை அடுத்த காம்பராவுக்கும் எளிதில் எட்டுவதால், ரவுட்டரின் குறியாக்கத்தை, அதாவது அலையில் செல்லும் தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றும் முறையை, சரியாக அமைப்பது மிக அவசியம். ரவுட்டரின் அடியில் ஒட்டியுள்ள ஸ்டிக்கரில் காணப்படும் முகவரியை, பல ரவுட்டர்களில் 192.168.1.1 என்பதை, கைப்பேசியின் உலாவியில் தட்டி, அதே ஸ்டிக்கரில் குறிக்கப்பட்டுள்ள பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்து உள்ளே சென்றதும், முதலில் அந்த நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள்.

பின்னர் வயர்லெஸ் பாதுகாப்புப் பகுதியில் டபிள்யூபிஏ3 (WPA3) என்ற புதிய குறியாக்க முறையைத் தெரிவுசெய்யுங்கள். பழைய கைப்பேசி இணைய மறுத்தால் அதற்கு முந்தைய டபிள்யூபிஏ2 (WPA2) முறையை ஏஇஎஸ் (AES) என்ற குறியாக்கத்துடன் வைத்துக்கொள்ளலாம். டபிள்யூஇபி (WEP) என்ற மிகப் பழைய முறை மட்டும் வேண்டவே வேண்டாம். அதன் பலவீனம் 2001 இலேயே வெளிப்பட்டுவிட்டது. வைஃபை கடவுச்சொல்லுக்குக் குறைந்தது 8 எழுத்துகள் தேவை. தொலைபேசி எண்ணையோ பிள்ளையின் பெயரையோ வைக்காமல், தொடர்பில்லாத நான்கைந்து சொற்களை ஆங்கில எழுத்தில் கோத்து வைப்பதே நல்லது. பொத்தானாலோ பின் எண்ணாலோ கருவிகளை இணைக்கும் டபிள்யூபிஎஸ் (WPS) வசதியையும் நிறுத்திவிட்டுச் சேமித்தபின், எல்லாக் கருவிகளையும் புதிய கடவுச்சொல்லால் மீண்டும் இணையுங்கள்.