நுரைப்பலகையில் ஓர் இடிந்த கோட்டைச் சுவர்

மேசைமீது ஆடப்படும் கற்பனைப் போர் ஆட்டங்களின் பொம்மை வீரர்கள் பெரும்பாலும் 28 மில்லிமீட்டர் அளவில் கிடைக்கிறார்கள். ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்தில் ஓர் அங்குலக் கட்டம் 5 அடி நிலத்தைக் குறிக்கும். ஆகவே இந்த ஆட்டக் களத்துக்கென இடிந்த கோட்டைச் சுவர் ஒன்றைச் செய்து, அதன் உயரத்தை முடிவு செய்யும்போது, வீரன் ஒருவனை அருகில் நிறுத்திப் பார்த்துக்கொள்வது நல்லது. பதுங்குவதற்கான சுவர் அவன் மார்பளவும், பார்வையை மறைப்பதற்கான சுவர் அவனைப் போல் இரு மடங்கும் இருக்கலாம்.

சாதாரண தெர்மாகோல் இதற்கு உதவாது. வெட்டும்போதே மணிமணியாக உதிர்ந்துவிடும், கோடும் பதியாது. மொட்டைமாடியில் வெப்பத் தடுப்புக்காகப் பதிக்கும் எக்ஸ்பிஎஸ் (XPS) எனும் கெட்டியான நுரைப்பலகை, மணிகளின்றி நெருக்கமாக இருப்பதால், கல்லின் சாயலை நன்றாக ஏற்கும். அதைப் புதிய பிளேடு கொண்டு, அழுத்தாமல், சாய்வாகப் பலமுறை இழுத்து வெட்ட வேண்டும். மழுங்கிய பிளேடு நுரையைப் பிய்த்தெறியும்.

வெட்டிய துண்டின் மேல்விளிம்பு கேக்கைப் போல நேராக இருந்தால், எவ்வளவு வண்ணம் பூசினாலும் அது இடிந்த சுவராகத் தோன்றாது. அந்த விளிம்பைச் சிறிது சிறிதாக விரலால் ஒடித்துவிடுங்கள். பின்பு பால்பாயிண்ட் பேனாவால் 5 அல்லது 6 மில்லிமீட்டர் உயர வரிசைகளைக் கோடிட்டு, கொத்தனார் செங்கல் அடுக்குவதைப் போல, ஒரு வரிசையின் செங்குத்து இணைப்பு அடுத்த வரிசையின் இணைப்புக்கு நேராக வராதபடி கற்களைப் பிரியுங்கள். கசக்கி உருட்டிய அலுமினியத் தாளைச் சுவரெங்கும் அழுத்தி உருட்டினால் கல்லின் சொரசொரப்பு வந்துவிடும். இறுதியாக, இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில கற்களைப் பென்சிலின் மொட்டை முனையால் உள்ளே அமுக்கினால் சுவருக்கு வயது கூடிவிடும். நேரம் செலவிட வேண்டிய கட்டம் இதுதான்.

அடிப்பலகைக்கு 3 மில்லிமீட்டர் எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) போதும். அட்டை, பசை காயும்போது வளைந்துவிடும். சுவரை ஃபெவிகாலால் ஒட்டிய பின், ஃபெவிகாலுடன் கருப்பு அக்ரிலிக் வண்ணத்தைக் கலந்து முழுவதும் பூசுங்கள். இந்தப் பூச்சு காயும் முன்பே அவசரப்பட்டு ஸ்ப்ரே பெயிண்ட் அடித்ததால், என் முதல் கோபுரம் கண்ணெதிரே பொத்தல் பொத்தலாக உருகிப்போனது. ஸ்ப்ரேயில் உள்ள கரைப்பான் நுரையை அரித்துவிடும்.

கருப்பின்மேல் அடர்சாம்பலைப் பூசி, அது காய்ந்ததும் கருப்பும் பழுப்பும் கலந்த நீர்த்த வண்ணத்தை இணைப்புகளில் ஓடவிடுங்கள். பிறகு தூரிகையில் வெளிர்சாம்பலைத் தொட்டு, பழந்துணியில் ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சாத அளவுக்குத் துடைத்து, கல்முனைகளில் லேசாக வருடினால் செதுக்கிய ஒவ்வொரு விளிம்பும் வெளிச்சம் பெறும்.

சுவரடியில் மணலைத் தூவி ஒட்டலாம். மண்ணுக்கு, வடிகட்டிய தேயிலைத்தூளே பொருத்தமானது. ஆனால் பூஞ்சை பிடிக்காமலிருக்க, வெயிலில் நொறுங்கும் பதம் வரும்வரை காயவைத்த பின்பே அதை ஒட்ட வேண்டும்.