சிங்கப்பூரில் சொந்தத் தொழில்: முதலில் கையில் இருக்கும் பாஸைப் பாருங்கள்

சிங்கப்பூரில் தனி உரிமையாளராகத் தொழிலைப் பதிவது பெரிய காரியமே இல்லை. தொழில்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான அக்ராவின் பிஸ்ஃபைல் தளத்துக்குள் சிங்பாஸ் என்ற அரசாங்க இணைய அடையாளக் கணக்கு வழியாகப் போய், பெயர் கொடுத்து, பணம் கட்டினால் வேலை முடிந்தது. பெயருக்கு 15 வெள்ளி, ஓராண்டுப் பதிவுக்கு 100 வெள்ளி. மூன்றாண்டுக்குச் சேர்த்துக் கட்டினால் 160. இவ்வளவு சுலபமாக இருப்பதாலேயே பலர் முதல் கேள்வியைக் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள்: இங்கே தொழில் நடத்த எனக்கு அனுமதி இருக்கிறதா?

குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் 18 வயது நிரம்பியிருந்தால், திவால் வழக்கு போன்ற சிக்கல் இல்லாதவரை, தடையில்லை. வேலை அனுமதிச் சீட்டிலோ எஸ் பாஸிலோ இருக்கும் வெளிநாட்டு ஊழியர்களுக்கு முடியாது. பாஸில் எழுதியிருக்கும் முதலாளியிடம் மட்டும்தான் வேலை. ஞாயிற்றுக்கிழமை கேமராவைத் தூக்கிக்கொண்டு போய்க் கல்யாணப் படம் எடுத்துக் காசு வாங்குவதும், அறையில் சமைத்துக் கூட இருப்பவர்களுக்கு மாதக் கணக்கில் சாப்பாடு விற்பதும் இந்தத் தடையில் சேர்த்திதான். எம்ப்ளாய்மென்ட் பாஸ் வைத்திருப்பவர்களுக்கும் அந்தப் பாஸ் ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கத்தான். சொந்தக் கடைக்கு அல்ல.

கணவன் அல்லது மனைவியுடன் டிபென்டன்ட் பாஸில் வந்தவர்கள் நிலைமை கொஞ்சம் வேறு. 2021 மே மாதத்திலிருந்து அவர்கள் வேலைக்குப் போவதென்றால் தனியாக வேலை பாஸ் எடுக்க வேண்டும். தொழில் நடத்துபவர்களுக்கு மட்டும் ஒப்புதல் கடிதம் என்ற வழி உண்டு. ஆனால் அந்தத் தொழில் குறைந்தது ஒரு சிங்கப்பூரருக்கோ நிரந்தரவாசிக்கோ நிர்ணயித்த சம்பளத்துக்குக் குறையாமல் வேலை கொடுத்து, மத்திய சேமநிதியும் (ஊழியரின் கட்டாயச் சேமிப்பு) கட்ட வேண்டும் என்று மனிதவள அமைச்சு எதிர்பார்க்கிறது. வீட்டில் மாவு அரைத்து நாலு பேருக்கு விற்கலாம் என்று நினைப்பவர்களுக்கு இது கட்டுப்படியாகாது. அந்தச் சம்பளத் தொகை அவ்வப்போது உயர்வதால் விண்ணப்பிக்கும் நாளில் அமைச்சின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில்தான் ஓர் ஆபத்தான யோசனை காதில் விழும். "பேரு மட்டும் அவர் பேர்ல இருக்கட்டும், முதல் நம்மது, லாபத்துல பாதி." சொல்பவர் பெரும்பாலும் ஊர்க்காரராக, நல்லவராகவே இருப்பார். ஆனாலும் வேண்டாம். பதிவில் யார் பெயர் இருக்கிறதோ கடை அவருடையது. நீங்கள் போட்ட பணத்துக்குச் சீட்டு இருக்காது. தகராறு வந்தால் புகார் கொடுக்கவும் முடியாது. கொடுத்தால் பாஸை மீறித் தொழில் நடத்தியதை நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும். அபராதம், சிறை, பாஸ் ரத்து எல்லாம் அதன் பின்னால் வரும். பெயர் கொடுப்பவருக்கும் நிம்மதி கிடையாது. வரி, கடன், வாடகை பாக்கி எல்லாம் அவர் தலையில்தான் விழும். புதிதாக நிரந்தரவாசி ஆனவர்களிடம் "ஒரு கையெழுத்துதானே" என்று சிலர் வருவார்கள். முகத்தை முறித்துக்கொண்டாவது மறுத்துவிடுங்கள்.

சரி, அனுமதி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தனி உரிமையாளர் என்றால் சட்டத்தின் பார்வையில் நீங்களும் கடையும் ஒன்று. கடைக்கு வந்த கடன் உங்கள் சொந்தக் கடன். கட்ட முடியாவிட்டால் உங்கள் சேமிப்பு வரை கை நீளும். பிரைவேட் லிமிடெட் நிறுவனத்தில் அப்படி இல்லை. அதற்குப் பதிவுச் செலவு 315 வெள்ளி, ஆறு மாதத்துக்குள் நிறுவனச் செயலாளரை நியமிக்க வேண்டும், ஆண்டுதோறும் அறிக்கை தாக்கல் செய்ய வேண்டும். என் கணக்கு இதுதான்: டியூஷன், தையல், மருதாணி, மொழிபெயர்ப்பு மாதிரி முதல் அதிகம் போடாத தொழிலுக்குத் தனி உரிமை போதும். சிராங்கூன் ரோடு பக்கம் கடை வாடகைக்கு எடுத்து, சென்னையிலிருந்து கடனுக்குச் சரக்கு இறக்கப் போகிறீர்கள் என்றால் பிரைவேட் லிமிடெட்டே நல்லது. அதிலும் வங்கியோ கடை உரிமையாளரோ உங்களிடம் தனிப்பட்ட உத்தரவாதக் கையெழுத்து கேட்டால், பாதுகாப்பு அந்த அளவுக்குக் குறைந்துவிடும்.

அடையாள அட்டையில் உள்ள உங்கள் முழுப் பெயரிலேயே தொழில் செய்தால் அக்ராவில் பதியத் தேவையே இல்லை. டியூஷன் எடுப்பவர்கள் பலருக்கு இது தெரிவதில்லை. வேறு பெயர் வைத்தால் பதிவு கட்டாயம். பதிந்தால் கிடைக்கும் யுஇஎன் என்ற தொழில் அடையாள எண்ணை வைத்து வங்கியில் தொழில் கணக்குத் திறக்கலாம், அப்புறம் கைப்பேசியில் பணம் வாங்கும் பேநவ் க்யூஆரைக் கடை பெயரிலேயே ஒட்டலாம். ஒரு விஷயம்: பதிவில் கொடுக்கும் தொழில் முகவரியை யார் வேண்டுமானாலும் பார்க்க முடியும். பதிந்த பிறகு அரசாங்கக் கடிதம் போலவே தோற்றத்தில் பணம் கேட்டு ஏதாவது வந்தால், அனுப்பியது யார் என்று பார்க்காமல் கட்டாதீர்கள்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டிலிருந்து நடத்துவதென்றால் சின்ன அளவில் தையல், கேக், முடிதிருத்தம் போன்றவற்றுக்குத் தனி அனுமதி வேண்டாம். ஆனால் வெளியாள் யாரையும் வேலைக்கு வைக்கக்கூடாது, பெயர்ப்பலகை கூடாது, அண்டை வீட்டாருக்குத் தொந்தரவு கூடாது. டியூஷன் என்றால் மூன்று மாணவர்கள் வரை. வெளியாட்கள் இரண்டு பேர் வரை வைத்து வீட்டிலேயே அலுவலகம் நடத்த வேண்டுமென்றால் வீட்டு அலுவலகத் திட்டத்தில் விண்ணப்பிக்கலாம். வீட்டில் சமைத்துச் சின்ன அளவில் விற்க சிங்கப்பூர் உணவு அமைப்பின் உரிமம் தேவையில்லை, சுத்தம் பற்றிய அதன் விதிகளைப் பின்பற்ற வேண்டும். கல்யாண விருந்துக்கு ஆர்டர் எடுப்பது கேட்டரிங். அதற்கு உரிமம் வேண்டும், வீட்டு அடுப்பில் நடக்காது. தினமும் கருவாடு வறுத்தால் எதிர்வீட்டுப் புகார் வரும் என்பதை நான் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

வரிக் கணக்கில் பயப்பட ஒன்றுமில்லை. லாபம் உங்கள் சொந்த வருமானமாகச் சேரும். சென்ற ஆண்டுக் கணக்கை ஏப்ரல் 18க்குள் இணையத்தில் தாக்கல் செய்ய வேண்டும். ரசீதுகளை ஐந்து ஆண்டு வைத்திருங்கள். ஆண்டு விற்பனை 10 லட்சம் வெள்ளியைத் தாண்டினால்தான் பொருள் சேவை வரிக்குப் பதிவது கட்டாயம். பதியாமல் 9 விழுக்காடு சேர்த்து பில் போடுவது குற்றம்.

பலரைத் தடுக்கி விழவைப்பது மெடிசேவ், அதாவது மத்திய சேமநிதியில் மருத்துவச் செலவுக்கான கணக்கு. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் தொழிலில் ஆண்டுக்கு 6,000 வெள்ளிக்கு மேல் நிகர லாபம் பார்த்தால் மெடிசேவ் கட்ட வேண்டும். சம்பளத்தில் தானாகப் பிடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு இது மறந்தே போகும். பாக்கி இருந்தால் பதிவைப் புதுப்பிக்கவும் முடியாது. புதுப்பிப்புக் கட்டணம் ஆண்டுக்கு 30 வெள்ளிதான். அதைக் கட்டப் போகும்போதுதான் மெடிசேவ் பாக்கி தெரியவரும்.

எந்தத் தொழிலுக்கு எந்த உரிமம் என்று குழப்பமாக இருந்தால் கோபிசினஸ் என்ற அரசாங்கத் தளத்தில் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே போனால் பட்டியல் வரும். ஆளிடம் பேச வேண்டுமென்றால் இந்தியர் வர்த்தகத் தொழிற்சபையில் இயங்கும் சிறு தொழில் மையத்தில் இலவசமாக ஆலோசனை சொல்வார்கள். முகவர்களுக்கு நூற்றுக்கணக்கில் கொடுக்கும் முன் அங்கே போய்ப் பாருங்கள். வாடிக்கையாளர் பணம் தராமல் இழுத்தடித்தால் 20,000 வெள்ளி வரை சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், வக்கீல் தேவையில்லை.

தொழில் ஓடவில்லையென்றால் அப்படியே விட்டுவிடாமல், நிறுத்திவிட்டதாக அக்ராவிடம் தெரிவியுங்கள். நடத்திய மாதங்களுக்கான கணக்கை அடுத்த ஏப்ரலில் காட்டத்தான் வேண்டும், நஷ்டமாக இருந்தாலும்.