வினைல் பிளாங்க் தரையை கெடுக்காம துடைக்கிறது எப்படி? புதுசா போட்டவங்களுக்காக

வினைல் பிளாங்க், அதாவது மரம் மாதிரி தெரியுற பிளாஸ்டிக் பலகை, வந்த பெட்டி மேலயே வாட்டர்ப்ரூஃப்னு கொட்டை எழுத்துல போட்டிருந்துச்சு, அப்புறம் என்ன பயம்னு நான் ஆரம்பத்துல தண்ணிய தாராளமா ஊத்தி தான் துடைச்சேன். கொஞ்ச மாசத்துல சிங்க் பக்கத்துல கால வச்சா சளக் சளக்னு சத்தம். அந்த வரிசைய கழட்டிப் பாத்தா பிளாங்க் புதுசு மாதிரி அப்படியே இருக்கு, அதுக்கு அடியில இருக்கிற தரை தான் ஊறிப்போயி பூஞ்சை வாடை அடிக்குது. தண்ணி தாங்குறது பலகை மட்டும் தான், ரெண்டு பலகை சேர்ற இடுக்கு கிடையாது. அதுவழியா உள்ள போன தண்ணிக்கு மேல வர வழியும் இல்ல, காய காத்தும் இல்ல.

துடைக்கிறதுக்கு முன்னாடி இது என்ன பொருள்னு தெரிஞ்சுக்கோங்க. பாக்க மரம் மாதிரி இருக்கும், ஆனா அது பிரிண்ட் பண்ண படம். அதுக்கு மேல கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் படலம் இருக்கு, அத தான் வியர் லேயர்னு சொல்றாங்க. வீட்டுக்கு வாங்குறதுல பொதுவா 12 மில், 20 மில்னு போட்டிருக்கும். மில்னா மில்லிமீட்டர்னு நிறைய பேர் நெனச்சுக்கிறாங்க, இல்லங்க, அது ஒரு இன்ச்சுல ஆயிரத்துல ஒரு பங்கு. அப்ப 12 மில்னா 0.3 மில்லிமீட்டர், 20 மில்னா 0.5. நாம தேய்க்கிறது, இழுக்கிறது, நடக்கிறது எல்லாத்தையும் இந்த அரை மில்லிமீட்டர் தான் தாங்கணும். மரத்தரைய இழைச்சு மறுபடி பாலிஷ் போட்டுக்கலாம், இதுல படலம் தேஞ்சா தேஞ்சது தான்.

1. முதல்ல தூசி

இத தினமும், முடியலன்னா ரெண்டு நாளைக்கு ஒருதடவை செய்ங்க. மண்ணு ஒட்டுன தரை மேல ஈர மாப்ப போட்டா அது துடைக்கிறது இல்ல, உப்புத்தாள் வச்சு தேய்க்கிற கணக்கு. மெத்துனு இருக்கிற துடைப்பமோ காஞ்ச மைக்ரோஃபைபர் மாப்போ போதும். வேக்யூம் போடுறதா இருந்தா அடியில சுத்துற பிரஷ் ரோலர ஆஃப் பண்ணிடுங்க, இல்லன்னா வெறும் தரைக்குன்னு குடுத்திருக்கிற முனைய மாட்டிக்கோங்க.

2. கலவை

பிஎச் நியூட்ரல்னு (அமிலமும் இல்ல, காரமும் இல்ல) போட்ட, வினைல் தரைக்குன்னே விக்கிற கிளீனர் இருந்தா லேபிள்ல சொன்ன அளவுக்கு மேல ஒரு சொட்டு கூட வேண்டாம். இல்லையா, 4 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணில பாத்திரம் கழுவுற லிக்விட் சில சொட்டு, அவ்ளோ தான். நுரை பொங்குனா அதிகமாயிடுச்சுன்னு அர்த்தம். புது கிளீனர் எதுவா இருந்தாலும் அலமாரிக்கு அடியில, மூலையில எங்கயாவது கொஞ்சம் தடவி காயவிட்டு பாத்துட்டு அப்புறம் எறங்குங்க.

3. துடைக்கிறது

மாப்ப நல்லா பிழியணும், கையில தூக்கிப் பிடிச்சா சொட்டக்கூடாது. என்னோட அளவு என்னன்னா, துடைச்ச இடம் ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல தானா காயணும், அதுக்கு மேல ஈரமா நின்னா இன்னும் பிழியணும். கதவுக்கு எதிர்ப்பக்க மூலையில ஆரம்பிச்சு பின்னாடியே வந்தீங்கன்னா ஈரத்துல மிதிக்க வேண்டி வராது. பலகை ஓடுற திசையிலயே இழுத்தா கோடு அவ்ளோவா தெரியாது. தண்ணி கலங்குன உடனே மாத்திடுங்க, பாதி வீட்டுக்கு அப்புறம் அந்த அழுக்குத் தண்ணிய தான் மறுபடி தரைக்கு பூசிட்டு இருப்போம்.

4. வெறும் தண்ணி மாப்

எல்லாரும் விட்டுடுற படி இது, ஆனா என்னைக் கேட்டா இது தான் முக்கியம். "தரை மங்கிப்போச்சு, கால் வச்சா பிசுபிசுங்குது, என்ன போட்டாலும் பளபளப்பு வரல"ன்னு பொலம்புறவங்க வீட்டுல பெரும்பாலும் தரைக்கு ஒண்ணுமே ஆகியிருக்காது, மேல சோப்பு படிஞ்சு கெடக்கும். அந்த சோப்பு ஒட்டுற தன்மையில இன்னும் தூசி ஒட்டும், அழுக்கா தெரியுதேன்னு நாம இன்னும் சோப்ப கூட்டுவோம், அது இன்னும் படியும். இந்த சுத்துல மாட்டிக்காம இருக்க சோப்பு போட்டு துடைச்சதுக்கு அப்புறம் சுத்தமான தண்ணில நனைச்சு பிழிஞ்ச இன்னொரு மாப்ப ஒருதடவை ஓட்டிடுங்க. ஏற்கனவே படிஞ்சிருந்தா சோப்பே இல்லாம வெதுவெதுப்பான தண்ணில மட்டும் நாலஞ்சு நாள் துடைச்சுப் பாருங்க, வித்தியாசம் தெரியும். பளபளப்பு வேணும்னு மெழுகு, ஷைன் லிக்விட் எதையும் வாங்கி ஊத்தாதீங்க, அதுவும் இன்னொரு படிவு தான், உரிச்சு எடுக்கிறதுக்குள்ள முதுகு போயிடும்.

கறை பட்டா

செருப்பு இழுத்த கருப்புக் கோட்டுக்கு பென்சில் ரப்பர் போதும், பல நேரம் அதுலயே போயிடும். பேனா மை, நெயில் பாலிஷ்னா பஞ்சுல ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்டு ஒத்தி ஒத்தி எடுங்க, உடனே தண்ணில துடைச்சிடுங்க. நெயில் பாலிஷ் ரிமூவர் மட்டும் வேண்டவே வேண்டாம், நிறைய பிராண்ட்ல அசிட்டோன் இருக்கும், அது இந்த பிளாஸ்டிக்கையே இளக வச்சிடும். மெழுகுவர்த்தி ஒழுகுனது, பபிள்கம் இதெல்லாம் மேல ஐஸ் பைய வச்சு கெட்டியாக்கிட்டு பிளாஸ்டிக் கார்டால மெல்ல தள்ளுங்க, கத்தி எடுக்காதீங்க. நாய் பூனை ஒண்ணுக்கு போனா அப்பவே ஒத்தி எடுத்துடணும், இடுக்குல எறங்குனா வாடை போகாது.

கிட்டயே சேர்க்கக்கூடாதது

ஸ்டீம் மாப். ஆவி இடுக்குல பூந்துடும், சூட்டுல பலகை விரியும், பசை போட்டு ஒட்டுன தரைன்னா பசை இளகும், வாரண்டி போயிடும்னு நிறைய கம்பெனி எழுதியே வச்சிருக்காங்க. அப்புறம் ஸ்டீல் நார், தேய்க்கிற பவுடர், அமோனியா. வினிகர் பத்தி ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க, ஆனா அது ஆசிட், தினசரி பழக்கமா போட்டா மேல இருக்கிற பளபளப்பு கொறையலாம், நான் போடுறதில்ல. பிளீச்ச வினிகரோடயோ அமோனியாவோடயோ எந்தக் காரணத்துக்கும் கலக்காதீங்க. விஷ வாயு வரும், தரையோட போற விஷயம் இல்ல அது.

இன்னொரு விஷயம், யாரும் கடையில சொல்லாதது: அடியில ரப்பர் ஒட்டுன மிதியடி. வழுக்காம இருக்கும்னு வாங்கிப் போடுறோம், ஆனா ரப்பர்ல இருக்கிற கெமிக்கல் வினைல்ல எறங்கி மஞ்சளா கறை விழுந்துடும். அது அழுக்கு இல்ல, நெறமே மாறிப்போறது, எத போட்டாலும் போகாது. எங்க வீட்டு வாசக்கதவு கிட்ட மிதியடி சைஸுக்கு அப்படி ஒரு மஞ்சள் சதுரம் இருக்கு, இப்ப அத மறைக்க வேற மிதியடி போட்டிருக்கேன். வினைல் தரைக்கு ஒத்துக்கும்னு லேபிள்ல போட்டத பாத்து வாங்குங்க, இல்ல ரப்பர் இல்லாத துணி மிதியடியா போடுங்க.

நாற்காலி, மேசை கால்ல ஃபெல்ட் பேட் (கம்பளி மாதிரி மெத்துனு இருக்கிற துண்டு) ஒட்டுங்க, அதுலயே மண்ணு ஏறிக்கும், அப்பப்ப மாத்தணும். பீரோ, ஃபிரிட்ஜ் நகத்துனா அடியில கெட்டிப் போர்வையோ பலகையோ போட்டு நகத்துங்க. நேரடி வெயில் விழுற ஜன்னல்னா உச்சி நேரத்துல திரைய இழுத்து விடுங்க, நெறமும் மங்கும், சூட்டுல பலகை விரிஞ்சு இடுக்கு மேல தூக்கிக்கவும் செய்யும்.

போட்டது போக மிஞ்சுன பிளாங்க்க தூக்கிப் போட்டுடாதீங்க. ஆழமா கீறல் விழுந்தா அந்த ஒண்ண மாத்துறது தான் வழி, அடுத்த வருஷம் அதே டிசைன் கெடைச்சாலும் நெறம் ஒத்துப்போகும்னு சொல்ல முடியாது. சுவத்துல சாய்ச்சு வச்சா வளைஞ்சிடும், கட்டிலுக்கு அடியில படுக்கப் போட்டு வைங்க.