ஒப்பீட்டு நன்மை: படித்த பிறகும் செய்கிற தவறுகள்

'இரண்டு பொருளையும் நாமே குறைந்த உழைப்பில் செய்ய முடியும்போது, வெளிநாட்டில் எதற்கு வாங்க வேண்டும்?' ஒரு பொருளைச் செய்ய மற்ற நாட்டைவிடக் குறைவாக வேறு பொருளை இழப்பதுதான் ஒப்பீட்டு நன்மை. அந்தப் பாடத்தைப் படித்து முடித்தவர்களும் இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். ஒரு பொருளைச் செய்ய எவ்வளவு உழைப்பு ஆகிறது என்று மட்டும் பார்த்தால் இப்படித்தான் தோன்றும். அந்த உழைப்பை இங்கே போடுவதால் வேறு எதைச் செய்யாமல் விடுகிறோம் என்பதுதான் கணக்கு. அதற்குப் பெயர் வாய்ப்புச் செலவு. இந்தப் பாடத்தில் வரும் பாதித் தவறுகள் இதை மறப்பதால் வருபவை.

ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் டேவிட் ரிக்கார்டோ 1817இல் கொடுத்த நான்கு எண்களையே எடுத்துக்கொள்வோம். ஒரு குறிப்பிட்ட அளவு துணி நெய்ய இங்கிலாந்தில் 100 பேர் ஓர் ஆண்டு உழைக்க வேண்டும். ஒயினுக்கு 120 பேர். போர்ச்சுகலில் துணிக்கு 90 பேர், ஒயினுக்கு 80 பேர் போதும். இரண்டிலும் போர்ச்சுகல்தான் கெட்டி. ஆனால் ஓர் அளவு ஒயினுக்காக 80 பேரை ஒதுக்கும்போது போர்ச்சுகல் இழப்பது 80/90, அதாவது 0.89 அளவு துணி. இங்கிலாந்து அதே ஒயினுக்கு 120 பேரை ஒதுக்கினால் 1.2 அளவு துணியை இழக்கிறது. ஆக, ஒயின் போர்ச்சுகலுக்கும் துணி இங்கிலாந்துக்கும் மலிவு.

தையல் கடையில் இதை நேரிலேயே பார்க்கலாம். கட்டிங் மாஸ்டருக்குக் காஜா எடுக்கவும் தெரியும், உதவிக்கு இருக்கும் பையனைவிட வேகமாகவே எடுப்பார். ஆனாலும் பையனிடம்தான் கொடுக்கிறார். காஜாவில் உட்கார்ந்தால் வெட்ட வேண்டிய சட்டைத் துணி அப்படியே கிடக்கும்.

சரி, லாபம் எவ்வளவு? வணிகம் இல்லாதபோது இரு நாடுகளும் ஒவ்வோர் அளவு துணியும் ஒயினும் செய்கின்றன: மொத்தம் 2 துணி, 2 ஒயின். இங்கிலாந்தின் 220 பேரும் துணிக்குப் போனால் 2.2 அளவு துணி. போர்ச்சுகலின் 170 பேரும் ஒயினுக்குப் போனால் 2.125 அளவு ஒயின். ஒரு புது இயந்திரம்கூட வரவில்லை, ஒருவரும் கூடுதலாக உழைக்கவில்லை, இரண்டு பொருளும் கூடிவிட்டன. இந்த இடத்தை மாணவர்கள் ஒரு முறையாவது கையால் போட்டுப் பார்க்க வேண்டும். மனப்பாடம் செய்தால் நிற்காது.

தேர்வில் மதிப்பெண் போவது பெரும்பாலும் அட்டவணையைத் தலைகீழாகப் படிப்பதால். சில கேள்விகளில் ஒரு பொருளுக்கு எத்தனை மணி நேரம் என்று இருக்கும், சிலவற்றில் ஒரு நாளில் எத்தனை பொருள் என்று இருக்கும். முதல் வகையில் சிறிய எண் நல்லது, இரண்டாவதில் பெரிய எண். வாய்ப்புச் செலவுக்கான வகுத்தலும் அதற்கேற்பத் திரும்பிக்கொள்ளும். சூத்திரத்தைத் தேடாமல், 'ஒரு ஒயினுக்காக இத்தனை துணியை விடுகிறேன்' என்று வாக்கியமாக எழுதிவிட்டுக் கணக்குப் போட்டால் தடுமாற்றம் வராது. விடையில் ஒரே நாட்டுக்கு இரண்டு பொருளிலும் ஒப்பீட்டு நன்மை வந்திருந்தால் எங்கோ பிசகியிருக்கிறது. ஒயினின் வாய்ப்புச் செலவைத் தலைகீழாக்கினால் துணியின் வாய்ப்புச் செலவு. ஒன்றில் குறைவு என்றால் மற்றதில் கூடுதலாகத்தான் இருக்கும்.

அடுத்தது, எந்த விலைக்கு மாற்றினாலும் இருவருக்கும் லாபம் என்று எழுதுவது. ஒயினின் விலை 0.89 துணிக்கும் 1.2 துணிக்கும் நடுவே இருந்தால்தான் அது நடக்கும். 1.3 கேட்டால் இங்கிலாந்து தானே ஒயின் செய்துகொள்ளும். இந்த இடைவெளிக்குள் விலை எங்கே நிற்கும் என்பதை ரிக்கார்டோ தீர்க்கவில்லை. இரு பக்கத் தேவையும் சேர்ந்து அதைத் தீர்மானிக்கிறது என்று பின்னாளில் விளக்கியவர் இன்னோர் ஆங்கிலேய அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில்.

கூலி விஷயத்தில் வரும் குழப்பம்தான் எல்லாவற்றிலும் பிடிவாதமானது. 'கூலி குறைந்த நாட்டோடு போட்டி போட முடியாது' என்று பணக்கார நாட்டில் சொல்கிறார்கள். 'உற்பத்தித்திறன் கூடிய நாட்டோடு போட்டி போட முடியாது' என்று ஏழை நாட்டில் சொல்கிறார்கள். இரண்டும் சேர்ந்து உண்மையாக இருந்தால் யாரும் யாரோடும் வணிகம் செய்ய முடியாது. நம் நான்கு எண்களிலேயே பார்ப்போம். ஒரு துணிக்கு ஒரு ஒயின் என்று மாற்றினால், இங்கிலாந்தில் 100 பேர் செய்ததும் போர்ச்சுகலில் 80 பேர் செய்ததும் ஒரே மதிப்பு. எனவே ஆங்கிலேயத் தொழிலாளியின் கூலி 1 என்றால் போர்ச்சுகீசியருக்கு 1.25. இந்தக் கூலியில் இங்கிலாந்துத் துணிக்கு ஆகும் செலவு 100, போர்ச்சுகல் துணிக்கு 112.5. ஒயினுக்குப் போர்ச்சுகலில் 100, இங்கிலாந்தில் 120. இரண்டிலும் பின்தங்கிய இங்கிலாந்து துணி விற்கிறது. கூலி கூடிய போர்ச்சுகல் ஒயின் விற்கிறது. இரு நாட்டிலும் ஒரே கூலி என்று சட்டம் போட்டால் இங்கிலாந்தின் துணியும் விலைபோகாது.

அதற்காக, மலிவான கூலிக்குப் பின்னால் நடக்கும் எல்லாவற்றுக்கும் இந்தக் கோட்பாடு சான்றிதழ் தருகிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 2013 ஏப்ரலில் டாக்காவுக்கு அருகே ராணா பிளாசா இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலோர் ஏற்றுமதி ஆடை தைத்தவர்கள். விரிசல் விட்ட கட்டடத்துக்குள் ஆட்களை வேலைக்கு அனுப்பியதை ஒப்பீட்டு நன்மை என்று சொன்னால் அது பொருளாதாரமே இல்லை.

ஏற்றுமதி வரவு, இறக்குமதி இழப்பு என்று நினைப்பதும் பரவலான தவறு. இங்கிலாந்துக்கு லாபம், 120 பேர் வேலையாகும் ஒயின் 100 பேர் உழைப்பில் கிடைத்ததுதான். துணியை அனுப்பியது அதற்குக் கொடுத்த விலை.

இதுவரை சொன்னதெல்லாம் நாட்டின் மொத்தக் கணக்கு. 'வணிகத்தால் நாட்டில் எல்லோரும் பயனடைகிறார்கள்' என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் அது பெரிய தவறு. நான்கு எண்களில் ஒயின் செய்தவர் மறுநாளே நெசவாளி ஆகிவிடுகிறார். நிஜத்தில் திராட்சைத் தோட்டத்துக்காரருக்கு 50 வயது, கடன் இருக்கும், தறி தெரியாது. ரிக்கார்டோவுக்கே வர்க்கங்களின் நலன் மோதுவது நன்றாகத் தெரியும். 1815இல் இங்கிலாந்தில் தானியச் சட்டம் வந்தது: உள்ளூர்க் கோதுமை விலை குவார்ட்டருக்கு (பழைய தானிய அளவை) 80 ஷில்லிங்கைத் தொடும்வரை வெளிநாட்டுக் கோதுமை விற்பனைக்கு வர முடியாது. நிலக்கிழார்களுக்குக் கூடிய குத்தகை, உழைப்பாளிக்கு விலை ஏறிய ரொட்டி. ரிக்கார்டோ தானே நிலச்சொந்தக்காரராக இருந்தும் அதை எதிர்த்து எழுதினார். சட்டம் 1846இல்தான் ரத்தானது. நம் காலத்தில், சீன இறக்குமதியால் அமெரிக்காவின் எந்தெந்தப் பகுதிகள் அடிபட்டன என்று ஆட்டர், டோர்ன், ஹான்சன் என்ற பொருளாதார அறிஞர்கள் மூவரும் 2013இல் வெளியிட்ட ஆய்வைச் சொல்லலாம். அந்தப் பகுதிகளில் தொழிற்சாலை வேலைகள் போயின, வேலை இழந்தவர்களுக்கு வேறு வேலை எளிதில் கிடைக்கவில்லை. மொத்த லாபத்திலிருந்து இழந்தவர்களுக்கு ஈடு கொடுக்க முடியும் என்பது சரி. கொடுத்தார்களா என்பது தனியாகக் கேட்க வேண்டிய கேள்வி, அதை விடாமல் கேட்கவும் வேண்டும்.

கடைசியாக, ஒப்பீட்டு நன்மை இயற்கை தந்தது, மாறாது என்ற எண்ணம். ரிக்கார்டோவின் எண்கள் விளக்கத்துக்காக அவர் வைத்துக்கொண்டவை, வரலாற்றுத் தரவு அல்ல. உண்மையில் போர்ச்சுகல் ஒயின் இங்கிலாந்தில் விற்றதற்கு வெயிலும் மண்ணும் மட்டும் காரணம் இல்லை. 1703இல் இரு நாடுகளும் கையெழுத்திட்ட மெதுவன் ஒப்பந்தப்படி அதற்குப் பிரெஞ்சு ஒயினைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவான வரி. பதிலுக்கு ஆங்கிலேயக் கம்பளித் துணி போர்ச்சுகலுக்குள் வந்தது. ஒயின் விற்ற பணம் அந்தத் துணிக்குப் போதாமல், பிரேசில் தங்கமும் லண்டனுக்குப் போனது. 1960களின் கடைசியில் தென்கொரியா எஃகு ஆலை கட்டக் கடன் தேடியபோது உலக வங்கி அது தேறாது என்று கருதியது. அப்படியும் கட்டப்பட்ட அந்தப் போஹாங் ஆலை 1973இல் உற்பத்தியைத் தொடங்கி, பிறகு உலகின் பெரிய எஃகு நிறுவனங்களில் ஒன்றானது. அப்படித் தொடங்கி அரசுப் பணத்தை விழுங்கிய ஆலைகளும் பல நாடுகளில் உண்டு. இன்றைய செலவில் எது மலிவு என்று நான்கு எண்கள் சொல்லும். பத்து ஆண்டு பழகினால் அந்தச் செலவு எவ்வளவு குறையும் என்பதற்கு அவற்றில் ஐந்தாவது எண் கிடையாது.